பொட்டு வைத்த ஹெட் போல்ட்டுகள்

எனக்கு வாய் கம்மி. வேலை கொடுக்கிறவர்கள் வீட்டில் 'சரி', 'ஆகட்டும்' என்ற இரண்டு சொல்லிலேயே மாதக்கணக்கில் ஓட்டிவிடுவேன். நெல்லித்தோப்பில் ஒரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர் வீட்டில், பழைய பிரெஞ்சு காரின் இன்ஜினைப் பிரித்து மாட்டியபோதும் அப்படித்தான். அவரை முசே என்பேன், அவர் மனைவியை மதாம் என்பேன். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஆயுத பூஜை அன்று வேலை கடைசிக்கு வந்தது. இன்ஜின் மேல் அதன் மூடியான ஹெட்டை உட்கார வைத்தாகிவிட்டது. அதைப் பிடித்து நிறுத்தும் பத்து போல்ட்டை முடுக்கினால் போதும். மறுநாள் அந்தக் காரில்தான் அரியாங்குப்பத்துத் தங்கை வீட்டுக்குப் போவது என்று மதாம் முடிவு செய்திருந்தார். அந்தத் தங்கை காரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொன்னவராம்.

ஹெட் போல்ட்டைக் கை பலத்துக்கு முடுக்கக் கூடாது. நடுவில் ஆரம்பித்து மாறி மாறி ஓரத்துக்கு வரவேண்டும். முதல் சுற்று லேசாக, அடுத்தது கொஞ்சம் கூட, கடைசிச் சுற்றில்தான் முழு அளவு. டார்க் ரெஞ்சில் அளவை வைத்து இழுத்தால், அந்த இறுக்கம் வந்ததும் டிக் என்று சத்தம் வரும். ஆனால் மரையில், போல்ட்டின் திருகு வரிகளில், அழுக்கு இருந்தால் ரெஞ்ச் ஏமாந்துவிடும். போல்ட் அழுக்கோடு மல்லுக்கட்டுவதையே இறுக்கம் என்று எண்ணி டிக் என்றுவிடும். உள்ளே பிடிப்பு இருக்காது. இன்ஜின் சூடானதும் தண்ணீர் கசிந்து, வண்டி புகையோடு நிற்கும். அதனால் பத்தையும் டீசலில் கழுவி, துளி எண்ணெய் தொட்டு, துணியில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் பத்துக்கும் தலையிலிருந்து கால்வரை சந்தனம், அதன் மேல் குங்குமம். மரையே தெரியவில்லை. ரெஞ்சுக்குக் கதம்பம் சுற்றியிருந்தது.

"ஒண்ணு உடாம வெச்சிட்டேன் தம்பி," என்றார் மதாம்.

சரி என்றேன்.

முசேவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "ஆப்பிரிக்காவுல துப்பாக்கி புடிச்சி நின்னவன்யா நானு. ஆனா இத்த அவகிட்ட என்னால சொல்ல முடியாது. நீயே சொல்லிடு."

சமையலறை வாசலில் போய் நின்றேன். மதாம் சுண்டல் கொடுத்தார். தின்றுவிட்டு அங்கேயே நின்றேன். இன்னும் கொஞ்சம் கொடுத்தார். மூன்றாவது முறை கரண்டியை எடுத்தபோது வயிறும் இடம் தராததால் வாயைத் திறந்தேன்.

"மதாம், மரையில சந்தனம் இருந்தா ரெஞ்ச் பொய் சொல்லும். நாளைக்கு வண்டி நின்னுடும். கழுவணும்."

அந்த வீட்டில் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. மதாம் கரண்டியைக் கீழே வைத்தார். பூஜை செய்ததைக் கழுவுவதா என்று கேட்பார் என நினைத்தேன்.

"எங்க நிக்கும்? எந்தங்கச்சி ஊட்டு வாசல்லயா?"

"எங்க வேணா நிக்கும் மதாம்."

அவ்வளவுதான். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, டீசல் டப்பாவின் முன் உட்கார்ந்துவிட்டார். சாமிக்கே குளிப்பாட்டிவிட்டுத்தானே பொட்டு வைக்கிறோம், தான்தான் குளிப்பாட்டும் முன்பே பொட்டு வைத்து முந்திவிட்டதாகச் சொன்னார். சாமியையும் சமாதானப்படுத்தியாகிவிட்டது. ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷால் மரை மரையாகத் தேய்த்தார். எட்டிப் பார்த்த முசே, "அது என்னோடது," என்றார். மதாம் அடுத்த போல்ட்டை எடுத்தார்.

கடைசிச் சுற்றில் மதாம் குங்குமச் சிமிழோடு பக்கத்தில் நின்றார். டிக் கேட்டால்தான் அந்தப் போல்ட்டின் தலையில் பொட்டு. பத்தாவதை இழுக்கும்போது தெருவில் ஒரு புல்லட் போனது.

"கேக்கல," என்றார்.

எனக்குக் கேட்டிருந்தது. இருந்தாலும் தளர்த்தி, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, மெதுவாகத் திரும்ப இழுத்தேன். பொட்டு கிடைத்தது.

மறுநாள் என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டும்வரை மதாம் திரும்பித் திரும்பி என் முகத்தையே பார்த்தார். கார் சொட்டுத் தண்ணீர் விடாமல் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றது. உள்ளே கூப்பிட வந்த தங்கையைத் தெருவிலேயே நிறுத்தி, மதாம் ஹெட் போல்ட் முடுக்கும் முறையை விளக்க ஆரம்பித்தார். ஓரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று தப்பாகச் சொன்னார்.

நான் திருத்தவில்லை.