பவுனு முகம் துடைத்த விதம்

உப்பளத்தில் வேலை செய்பவர்கள் கையால் முகத்தைத் துடைப்பதில்லை. விரலில், உள்ளங்கையில், நகக்கண்ணில் எல்லாம் உப்பு. கண்ணில் பட்டால் அரை மணி நேரத்துக்கு எதுவும் தெரியாது. சவரியம்மாள் கல்யாணமாகிப் பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணத்துக்கு வந்த முதல் வாரத்தில் இரண்டு முறை அப்படிப் பட்டு, பாத்தி வரப்பில் உட்கார்ந்து அழுதாள். மூன்றாம் முறை வியர்வை வழிந்தபோது கை தானாக மடங்கியது. தலையைத் தாழ்த்தி, புடவைக்கு மேல் போட்ட சட்டையின் முழங்கை மடிப்பால் புருவத்திலிருந்து தாடை வரை ஒரே இழுப்பு. அன்றிலிருந்து அப்படித்தான். முப்பத்துமூன்று வருடமாகிறது.

ஒவ்வொருவருக்கும் ஒரு விதம் இருந்தது. அவளோடு ஜோடி சேர்ந்து உப்பு வாரும் வேலம்மாள் தோளை உயர்த்திக் கன்னத்தை அதில் தேய்ப்பாள். தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டும் கண்ணாயிரம் தலைத்துண்டை அவிழ்த்து உதறித் துடைத்து மறுபடி கட்டுவார். எட்டு பாத்திக்கு அப்பாலிருந்து பார்த்தாலும் முகம் துடைப்பதை வைத்து இன்னார் என்று சொல்லிவிடலாம்.

பவுனு அவள் நாய். இரண்டு வருடத்துக்கு முந்திய ஐப்பசியில் அளம் முழுக்க வெள்ளமாக நின்றபோது, வரப்பின் மேல் நனைந்து உட்கார்ந்திருந்த குட்டி. மணல் நிறம். சவரியம்மாள் வீட்டில் அப்போது அவள் மட்டும்தான் இருந்தாள். புருஷன் அந்தோணிசாமி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மகன் அறிவழகன் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் அப்படியே அப்பா. உயரம், நடை, தும்மல்கூட. ஞானஸ்நானத்தன்றே எல்லாரும் சொன்னார்கள், அந்தோணிசாமியை உரிச்சு வெச்சிருக்குது என்று. சவரியம்மாளுக்கும் அது பெருமைதான். ஆனால் அவளைப் போல இருப்பதாக யாரும் எதையும் சொன்னதில்லை.

மே மாதம் இரண்டாவது வாரத்தில் பவுனு முகம் துடைக்க ஆரம்பித்தது. முதலில் பார்த்தவள் வேலம்மாள்.

"சவரிக்கா, திரும்பிப் பாரு. உன் பொண்ணு என்னா பண்றா பாரு."

பவுனு வரப்பில் உட்கார்ந்திருந்தது. இடது முன்னங்காலைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணுக்குக் கீழிருந்து மூக்கு வரை மணிக்கட்டால் ஒரே இழுப்பு. காலை நக்கியது. மறுபடி ஒரு இழுப்பு.

"அப்படியே நீதான்! சட்ட ஒண்ணுதான் கொறச்சல்."

கண்ணாயிரம் மோட்டார் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா சவரி, நாய்க்கு எப்பம்மா டிரெயினிங் குடுத்த?"

"நான் எங்கண்ணே குடுத்தேன்? அதுவா பாத்து கத்துக்கிச்சு."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. வெயிலில் யாரும் கவனிக்கவில்லை.

திண்டிவனத்தில் காலேஜ் படிக்கும் வேலம்மாளின் மகள் நிவேதா லீவில் வந்திருந்தாள். சாப்பாடு கொண்டுவந்த இடத்தில் இதைப் போனில் பிடித்தாள். முதலில் சவரியம்மாள் முகம் துடைப்பது, அடுத்து பவுனு துடைப்பது. இரண்டையும் ஒட்டி ஸ்டேட்டஸில் போட்டாள். சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்தது. அறிவழகன் ஒரகடத்திலிருந்து கூப்பிட்டான்.

"யம்மா, ஷிப்ட்ல எல்லாருக்கும் காட்டினேன். சூப்பர்வைசர் கூட சிரிச்சாரு. அப்படியே உன்ன மாதிரியே இருக்குதும்மா."

அந்த வாரம் அவள் பவுனுவுக்குத் தினமும் ஒரு முட்டை வேகவைத்துப் போட்டாள். பாதியை அது கீழே விட்டது. முட்டை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பவுனுவைக் குளிப்பாட்டினாள். நல்ல தண்ணீர், அரப்புத் தூள். அன்று அளத்துப் பக்கமே யாரும் போகவில்லை. துவட்டிவிட்டு வாசலில் உட்கார வைத்தாள். பவுனு காலைத் தூக்கித் துடைத்தது. நக்கியது. மறுபடி துடைத்தது.

சவரியம்மாள் துண்டோடு நின்றாள். உப்பு இல்லை. வியர்வை இல்லை. எதைத் துடைக்கிறது?

வேலம்மாள் வீட்டுக்குப் போய் நிவேதாவை அந்த வீடியோவைப் போடச் சொன்னாள்.

"எத்தினி வாட்டி பெரிம்மா பாப்பீங்க!"

"போடு கண்ணு. இன்னொரு வாட்டி."

வீடியோவில் அவள் வலது கையால் ஒரு முறை, உப்பு வாரும் பலகையைக் கை மாற்றிக்கொண்டு இடது கையால் ஒரு முறை துடைத்தாள். இரண்டு பக்கமும் துடைத்தால்தான் மனிதருக்கு நிம்மதி. பவுனு ஐந்து முறை துடைத்தது. ஐந்தும் இடது கால். ஐந்தும் இடது கன்னம்.

"என்னை மாதிரி இல்ல இது," என்றாள்.

"என்னாது பெரிம்மா?"

எழுந்து வீட்டுக்கு வந்தாள். பவுனுவின் முகத்தை மடியில் வைத்து வலது கன்னத்தைத் தடவினாள். அது கண்ணை மூடிக் கொடுத்தது. இடது கன்னத்துக்குக் கை போனதும் அவள் மணிக்கட்டை வாயால் பிடித்து, கடிக்காமல், நகர்த்தி வைத்தது. அந்தக் கன்னம் சுட்டது. கண்ணுக்குக் கீழே மயிருக்குள் பட்டாணி அளவு வீக்கம்.

பத்து நாள் ஆகியிருந்தது. பத்து நாளாக அது வலி என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவள் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் இல்லை. பித்தவெடிப்பில் ரத்தம் வந்தால் மெழுகை உருக்கி ஊற்றுவாள். பல் வலித்தால் உப்புத் தண்ணீர். அறிவழகனைப் பெற்றதற்குப் பிறகு தனக்காக அவள் டாக்டரைப் பார்த்ததில்லை. காலையில் இந்த நாயை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் சிரிக்கும். அதற்கு அவள் பயப்படவில்லை. அங்கே போய், வலியைத்தான் நீ அழகு பார்த்தாய் என்று இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருக்கும். வீக்கம் தானாக வற்றிவிடும் என்று ஒரு மனம் சொன்னது. இரண்டு நாள் பார்க்கலாம் என்றும் சொன்னது. பவுனு தண்ணீர்ச் சட்டியில் வாய் வைத்து, உடனே எடுத்துவிட்டது.

திங்கட்கிழமை விடிந்தபோது மேற்கே மேகம் கட்டியிருந்தது.

பன்னிரண்டு பாத்தி சவரியம்மாளும் வேலம்மாளும் பங்குக்கு வாருவது. எல்லாவற்றிலும் உப்பு பூத்து வாருகிற பதத்தில் கிடந்தது. மழைக்கு முன்னால் வாரிக் கரையேற்றி மூடாவிட்டால் இரண்டு வார உழைப்பு தண்ணீரோடு போகும். சவரியம்மாள் பலகை எடுக்காமல், பவுனுவைப் பழைய புடவையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னாக்கா இது, கைக்கொழந்த மாதிரி?"

"ஆஸ்பத்திரிக்குப் போறேன் வேலு. பன்னெண்டு மணி வரிக்கும்தான் டாக்டர் இருப்பாங்க. அதுக்கு வாயில என்னமோ இருக்குது."

வேலம்மாள் மேகத்தைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். "இன்னிக்கா?"

"இன்னிக்கித்தான்."

"உன் கால்ல வெரல் போற அளவுக்கு வெடிப்பு. அதுக்கு ஒரு நாள் போயிருப்பியா நீ? நாய்க்கு டாக்டராம். பன்னெண்டு பாத்தி, நான் ஒருத்தி. எனக்கு என்னா நாலு கையா இருக்குது?"

சவரியம்மாள் பவுனுவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "பத்து நாளா வலிக்குது அதுக்கு. நாம சிரிச்சிக்கினு இருந்தோம்," என்றாள்.

வேலம்மாள் புடவையை விலக்கிப் பவுனுவின் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு மோட்டார் கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "யோவ் கண்ணாயிரண்ணே! மழ வர்ற நாள்ல மோட்டாருக்கு என்னா வேல? வண்டிய எடு. இவங்கள கொண்டு போய் உடு. ரெண்டு பேர் மூஞ்சியயும் பாக்க சகிக்கல."

கண்ணாயிரத்தின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, பவுனுவை மடியில் அணைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் வேகத்தைக் குறைத்தார். வழக்கமாக எதற்கும் குறைக்காதவர்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பசு, ஒரு வெள்ளாடு, அதற்குப் பின்னால் அவள். டாக்டர் சின்னப் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் கேட்பதற்கு முன்பே சவரியம்மாள் சொன்னாள்: "எல்லாத்துக்கும் வர்றவ இல்லம்மா நான். இது தேவையா இல்லியான்னு கூடத் தெரியல. ஒரே பக்கமா மூஞ்சிய துடைக்குது. ஒரே பக்கம்."

"எப்படித் துடைக்குது? காட்டுங்க."

சவரியம்மாள் துடைத்துக் காட்டினாள். கண்ணாயிரம் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பவுனுவின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். பின்னாலிருந்த பெரிய பல் நெடுக்காகப் பிளந்திருந்தது. ஒரு பாதி ஆடியது. ஈறில் சீழ்.

"எலும்பு குடுத்தீங்களா?"

"ஈஸ்டருக்கு. காலெலும்பு."

"அப்பவே உடைஞ்சிருக்கும். வேர்ல சீழ் கோத்துக்கிட்டு கண்ணுக்குக் கீழ வந்திருக்குது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா வெளிய உடைச்சிருக்கும். பல்லு ஆடுறதால இங்கயே எடுத்துடலாம், இல்லன்னா புதுச்சேரிக்குத்தான் அனுப்பணும்." பிறகு சொன்னாள்: "ஒரு பக்கம்தான்னு கவனிச்சீங்களே, அது நல்லது. முக்கால்வாசிப் பேரு அழுக்கு, பூச்சின்னு விட்டுடுவாங்க."

சவரியம்மாளுக்குத் திட்டு வாங்கத்தான் தெரிந்திருந்தது. இதற்கு எப்படி நிற்பது என்று தெரியவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

மயக்க ஊசி போட்டதும் பவுனு அவள் கையிலேயே கனத்தது. உதவியாளர் தலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாயிரம் வெளியே போய்விட்டார். பல் வந்த சத்தம் சின்னதாகத்தான் கேட்டது. கழுவி, மருந்து வைத்து, ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினாள் டாக்டர். வெந்த சோற்றைக் குழைத்துக் கொடுக்கச் சொன்னாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பெரிய பெரிய துளி. கண்ணாயிரம் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினார். அரை மணி நேரம் மூன்று பேரும் தகரக் கூரைக்குக் கீழே நின்றார்கள். பவுனு அவள் தோளில் தூங்கியது. சவரியம்மாள் ரோட்டில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். போகட்டும் என்று சொல்லிக்கொண்டாள். தன் பங்கு போகட்டும். வேலம்மாளுடையதும் அதே பாத்திகளில்தான் கிடந்தது. அதைப் போகட்டும் என்று சொல்ல வரவில்லை.

அளத்துக்கு வந்து சேர்ந்தபோது பாத்திகளில் தண்ணீர் நின்றது. வெறும் தண்ணீர். பன்னிரண்டு பாத்தியின் உப்பும் கரைமேல் அம்பாரமாகத் தார்ப்பாய்க்குள் இருந்தது.

கொட்டகைக்குள் பக்கத்து வரப்பு ஆட்கள் நான்கு பேர் ஈரத்தோடு குந்தியிருந்தார்கள். அவர்களோடு அளக்காரர் தட்சணாமூர்த்தி. வேட்டியைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டி, முழங்கால் வரை வெள்ளை வெளேரென்று உப்பு. அவர் பாத்திக்குள் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

"கண்ணுல பட்டுடுச்சு," என்றார் அவர், ஒரு கண்ணைத் திறக்க முடியாமல்.

"மொதலாளி கையால தொடச்சிட்டாரு," என்றாள் வேலம்மாள். "நாய்க்குத் தெரிஞ்சது கூட இவருக்குத் தெரியல."

எல்லாரும் சிரித்தார்கள். தட்சணாமூர்த்தியும் சிரித்தார்.

சவரியம்மாள் பேச வாயெடுத்தாள்.

"வேலு, உன்ன நான்..."

"நன்றி கின்றின்னு ஏதாச்சும் சொன்ன, பலகையாலயே போடுவேன். பல்லு எங்க? குடு, பாக்கலாம்."

அந்த வாரம் முழுக்கச் சவரியம்மாள் சோற்றைக் குழைத்து, மாத்திரையை அதற்குள் வைத்து ஊட்டினாள். மூன்றாம் நாள் வீக்கம் வற்றியது. ஐந்தாம் நாள் பவுனு குழைந்த சோற்றை வெறுத்தது. வரப்பில் உட்கார்ந்து கொக்குகளைப் பார்த்துக் குரைத்தது. வியர்வை வழிகிற உச்சி வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கியது. காலைத் தூக்கவில்லை. சவரியம்மாள் வேலைக்கு நடுவே இரண்டொரு முறை திரும்பிப் பார்த்தாள். தூக்கிவிடுமோ என்று பயந்துதான் பார்த்தாள். ஒரே ஒரு முறை, தூக்கினால் என்ன என்றும் இருந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

சனிக்கிழமை கோவிலுக்குப் போய் மறுநாள் பூசையில் நன்றி சொல்லிப் படிக்கக் கேட்டாள். சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் நோட்டைத் திறந்து யார் பெயருக்கு என்று கேட்டார். வேலம்மாள், கண்ணாயிரம், தட்சணாமூர்த்தி என்றாள். டாக்டரம்மா பெயர் தெரியவில்லை. டாக்டரம்மா என்றே போடச் சொன்னாள். பக்கத்து வரப்பு ஆட்கள் நான்கு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். உபதேசியார் பேனாவை நிறுத்தி, "இதுல ஒருத்தரும் நம்ம சபையில இல்லியேம்மா," என்றார்.

"அவங்களுக்குத்தான் நன்றி. எழுதுங்க ஐயா."

அவர் எழுதிக்கொண்டார். ஞாயிறு பூசையில் சாமியார் வரிசையாகப் படித்தபோது இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சவரியம்மாள் வீடு திரும்புவதற்குள் செய்தி வேலம்மாளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"என் பேர மைக்ல படிச்சாங்களாமே? எங்க மாரியம்மா கோச்சிக்கினா நீதான் வந்து பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

"நல்லா சத்தமா படிச்சாங்களா?"

"ரோடு வரிக்கும் கேட்டுது."

வேலம்மாளுக்குத் திருப்திதான்.

அன்று மத்தியானம் அறிவழகன் கூப்பிட்டான்.

"யம்மா, பவுனு வீடியோ புதுசா ஒண்ணு நிவேதாவ அனுப்ப சொல்லேன். இங்க ஒருத்தன் நம்பவே மாட்டேங்கறான்."

"இப்ப துடைக்கறது இல்லடா."

"ஏன், மறந்துடுச்சா?"

"வலிச்சுதுடா அதுக்கு. பல்லு ஒடஞ்சிருந்தது. எடுத்தாச்சு."

"ஐயோ. நாங்க எல்லாம் சிரிச்சோமேம்மா."

"நானுந்தான் சிரிச்சேன். இப்ப நல்லா இருக்குது. சத்தம் கேக்குதா பாரு."

போனைத் தாழ்த்திப் பிடித்தாள். பவுனு மீன்தலையை மென்றுகொண்டிருந்தது. இந்தக் கடைவாய்க்கும் அந்தக் கடைவாய்க்குமாக மாற்றி மாற்றி, அவசரமில்லாமல், முள்ளோடு. முழுதாகத் தின்று முடிக்கும் வரை அவள் போனைக் காதுக்கு எடுக்கவில்லை. ஒரகடத்தில் அவனும் வைக்கவில்லை.