வாய் முந்திக்கொண்ட 'வா ரூலிட்'

2009 மே மாதம். சுவீடனை விட்டு லண்டனில் இல்ஃபோர்டுக்கு வந்து இரண்டு வருடம். வன்னியில் இருந்த என் மைத்துனனைப் பற்றி நான்கு மாதமாக ஒரு தகவலும் இல்லை.

சுவீடனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனுசி. "உங்கள் நாட்டில் போர் முடிந்துவிட்டதாம்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார்.

அங்கே யார் நல்ல செய்தி சொன்னாலும் உடனே 'வா ரூலிட்', எவ்வளவு சந்தோசம், என்று சொல்வது மரியாதை. பதினொரு வருடப் பழக்கம். என் வாய் அதைச் சொல்லிவிட்டது. நன்றியும் சொன்னேன்.

வன்னி மக்களுக்காக லண்டனில் நடந்த ஊர்வலத்துக்காகத் தன் தம்பியின் படத்தை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். அவளுக்கும் சுவீடிஷ் தெரியும்.

"ஆருக்கப்பா சந்தோசம்?"

தம்பி இன்றுவரை வரவில்லை. இப்போதெல்லாம் யார் நல்ல செய்தி சொன்னாலும் நான் முதலில் அவள் முகத்தைப் பார்க்கிறேன்.