அக்கா வீட்டுல வாராவ

மேலே யாராவது நடந்தால் எங்கள் தட்டில் மரத்தூள் விழும். சோற்றோடு சேர்த்துத் தின்றால் பழைய பெட்டியைத் திறந்த வாசனை நாக்கில் ஏறும். தாராவியில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அறை, அந்த ஊர்ப் பேச்சில் 'கோலி'. அதற்கு மேல் பலகை அடித்து அப்பா இன்னொரு அறை கட்டியிருந்தார், அதை 'மாலா' என்போம். எங்களுக்குக் கூரையும் மேலே இருப்பவர்களுக்குத் தரையும் அந்தப் பலகைதான். வெளியே சார்த்திய இரும்பு ஏணி வழியாக ஏறிப் போகவேண்டிய அந்த மாலாவில் இசக்கி என்பவர் பெண்டாட்டியோடு வாடகைக்கு இருந்தார். தோல் பட்டறையில் வேலை. அதிர்ந்து நடக்காத மனிதர்.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய வருஷம் அது. மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு சாயங்காலம் இசக்கி இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, அக்கா வீட்டுல வாராவ. எங்ககூட மேலயே இருந்துக்கிடட்டுமா?"

எங்கள் திருநெல்வேலிப் பேச்சில் 'அக்கா வீட்டுல' என்றால் அக்காள் புருஷனும் ஆகும், அக்காள் குடும்பம் மொத்தமும் ஆகும். 'வாராவ' என்பதும் அப்படித்தான், மதிப்பான ஒருவர் வந்தாலும் வாராவ, பத்துப் பேர் வந்தாலும் வாராவ. மச்சான் ஒருவர் பிழைக்க வருகிறார், அவரைத்தான் மரியாதையாகச் சொல்கிறான் என்று அப்பா எடுத்துக்கொண்டு, அதுக்கென்ன, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

வந்து இறங்கியது மச்சான், அக்கா, அவள் இடுப்பில் ஒரு கைப்பிள்ளை, அப்புறம் என் வயதில் அவர்களுடைய மூத்த மகள் பேச்சி. அப்பா தெருவில் வைத்து ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் மேலே ஏறிய பிறகு இசக்கியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒருத்தர் என்றுதானே சொன்னாய் என்று கேட்டார்.

"அக்கா வீட்டுல வாராவன்னுதான் சொன்னேன், அண்ணாச்சி."

"ஒம் மச்சான மரியாதையா சொல்லுதன்னுல்லா நெனச்சேன்."

அடுப்புப் பக்கம் இருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. மேலே நிறைய ஆளை ஏற்றாதே, கட்டை தாங்காது என்று பலகை அடித்த ஆசாரி எச்சரித்திருந்தாராம். அதற்குக் கீழேதான் நாங்கள் எல்லாரும் படுக்கிறோம். ஆனால் கைப்பிள்ளைக்காரியை மழைக்காலத்தில் எங்கே போகச் சொல்வது? கடைசியில் அவரே ஓர் ஏற்பாடு சொன்னார். மழை முடிகிறவரைக்கும் இருக்கலாம். மச்சான் பட்டறையிலேயே படுத்துக்கொள்ள வேண்டும், பேச்சி கீழே எங்களோடு படுக்க வேண்டும்.

அப்படித்தான் பேச்சி என் பாய்க்கு வந்தாள். எனக்கு அந்நியர்களிடம் வாய் வராது. "ஏட்டி, நீ ஊமையா?" என்று முதல் நாள் கேட்டாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை என்றதும், கேள்வியையும் அவளே கேட்டு, நான் சொல்லக்கூடிய பதிலையும் அவளே சொல்லிக்கொள்ளத் தொடங்கினாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வேறு யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

பிள்ளையாரைக் கடலில் கரைத்த பிறகு மழை குறைந்தது. மான்குர்த் பக்கம் ஒரு குடிசை கிடைத்திருக்கிறது, ஆனால் சதுப்பு, தரையில் தண்ணீர் ஊறுகிறது என்று பேச்சியின் அம்மா வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவள மட்டுமாவது வச்சிக்கிடுங்க, மைனி. எடம் ஒண்ணும் அடைக்க மாட்டா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பலகையைப் பார்த்தார்.

"ஒருத்திய வச்சா அவளப் பாக்க வருவாவ" என்றார். எத்தனை பேர் என்று அவர் சொல்லவில்லை; அந்தச் சொல்லில் அது தெரியாது. பேச்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தடவை என் பதிலை அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போலப் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினாள், என் போர்வையையும் சேர்த்து மடித்தாள், அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனாள். நான் அழுததாக ஞாபகம் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அக்காளை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் இருந்தால் ஊரில் தலை காட்ட முடியாது என்று கொஞ்ச நாளில் இசக்கியும் காலி செய்துவிட்டார். அப்பா மாலாவைப் பை தைக்கிறவர்களுக்கு விட்டார். மெஷினுக்குச் சொந்தபந்தம் கிடையாது என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார்.

இப்போது நான் மகனோடு கோபர்கைரனேயில் இருக்கிறேன். கோலி இன்னும் எங்களுடையதுதான். கீழேயும் மேலேயும் தையல் மெஷின்கள் ஓடுகின்றன. மான்குர்த்தில் அந்தக் குடிசைகள் இருந்த இடத்தில் மாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன என்கிறார்கள். பேச்சி அங்கேயே இருந்தாளா, ஊருக்குத் திரும்பினாளா தெரியாது. விசாரிக்கலாம் என்றால் எங்கள் சந்தில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. வாடகைக்குக் கேட்டு யாராவது போன் செய்தால், ஃபேமிலி வேண்டாம் என்று மகன் முதலிலேயே இந்தியில் சொல்லிவிடுகிறான். அவர்களும் சரி என்று போனை வைத்துவிடுகிறார்கள்.