மானிட்டருக்காக வைத்த விளக்கு

என் மகள் மீரா கல்யாண ஆல்பங்களுக்கு நிறம் சரிசெய்கிறாள். விலை கூடிய மானிட்டர் ஒன்றை, ஒரு வாரம் வைத்துப் பார்த்துச் சொல்லும்படி கடைக்காரர் கொடுத்தார். அது சரிப்பட்டால் எர்ணாகுளம் ஸ்டூடியோ வேலையை மட்டாஞ்சேரி வீட்டிலிருந்தே செய்யலாம்; என் பக்கத்திலேயே இருப்பாள். குருவாயூரப்பனை வேண்டிக்கொண்டு, தினமும் சந்தியா வேளையில் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் சத்தமில்லாமல் விளக்கேற்றி வைத்தேன். நிறம் பார்க்கும்போது அவள் பல்பை அணைத்துவிடுவாள். திரையை விட்டுக் கண்ணெடுக்க மாட்டாள்.

"பகல்ல செரியா இருக்கும்மா. சாயங்காலமானா கல்யாணப் பொண்ணோட வெள்ளைப் புடவை மஞ்சளடிக்கறது. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றாள்.

நான் பதறிப்போய் இன்னொரு திரியும் ஏற்றினேன்.

"அய்யோ, இன்னும் மஞ்சளாயிடுத்தே!" என்று திரும்பியவள் விளக்கைப் பார்த்தாள். அந்த வெளிச்சம்தான் திரையில் விழுந்திருக்கிறது. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்காக வேண்டிண்டே என் மானிட்டரைத் திருப்பி அனுப்பப் பாத்தியே அம்மா!"

மானிட்டர் வீட்டிலேயே தங்கிவிட்டது, அவளும்தான். இப்போது பூஜை அறையில் மட்டுமே விளக்கேற்றுகிறேன். ஏற்றியதும் "மோளே" என்று கூப்பிடுவேன். வேலையை நிறுத்திவிட்டு வந்து, என் தோளில் சாய்ந்தபடி கும்பிட்டுவிட்டுப் போகிறாள்.