பராதியில் ஒரு வரி

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா இரண்டாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவர். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு மலையாளம் தடங்கலில்லாமல் எழுத வந்தது. அதிலிருந்து, கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரில் யாருக்கு அரசாங்கத்தோடு பேச வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். பென்ஷன் விண்ணப்பம், ரேஷன் கார்டு திருத்தம், பராதி. புகார் மனுவை இங்கே தமிழ் பேசுகிறவர்களும் பராதி என்றுதான் சொல்வோம். நான் எழுதும் பராதிக்கு ஊரில் நல்ல பெயர்.

இப்போது பாலக்காட்டில் தங்கி, தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். என் ஆய்வு ஒரு பெண் தத்துவவாதியைப் பற்றியது. கடலுக்கு அப்பால் ஒரு சின்ன நாட்டில் தர்க்கம் கற்பித்தவர். போரை ஆதரிக்கும் அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்து வேலையை இழந்தார், சிறைக்கும் போனார். வெளியே வந்த பின் போருக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். நான்கு புத்தகங்கள் எழுதினார்.

அவருடைய சிந்தனைக்கு முன்பாக என்னைப் பிடித்துக்கொண்டது அவருடைய ஒரு பழக்கம். யாரைக் குற்றம் சொல்லி எழுதினாலும், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த ஆளிடமே போய் வாசித்துக் காட்டுவார். அமைச்சரானாலும் சரி, சிறைக் காவலரானாலும் சரி. அவர்கள் சொல்லும் மறுப்பை ஓரத்தில் குறித்துக்கொள்வார். மறுப்பு நியாயமாகப் பட்டால் தன் வரியை அடித்துவிடுவார். எதிரில் இல்லாத ஆளைப் பற்றி எதையும் எழுதிவிடலாம், அந்தச் சௌகரியத்திலிருந்துதான் போர்கள் தொடங்குகின்றன என்பது அவர் வாதம். கையெழுத்துப் படிகளின் நகல்களைப் பார்த்திருக்கிறேன். சில பக்கங்களில் நாலு வரிதான் மிஞ்சியிருக்கும். அடிக்கப்பட்ட வரிகளைப் பற்றி நான் எழுதிய அத்தியாயத்தை நெறியாளர் பாராட்டினார்.

அந்தச் சந்தோஷத்தோடு ஊருக்குப் போயிருந்தபோதுதான் அப்பா பராதி எழுதச் சொன்னார்.

எங்கள் இரண்டு ஏக்கர் நெல் அப்போது பால் பிடிக்கும் பருவத்தில் இருந்தது. தண்ணீர் காய்ந்தால் மணி பதராகிவிடும். வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும். செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து உச்சி வரை எங்கள் முறை. மேல்வயல்காரர், எனக்கு மாமா முறை வேண்டும், தன் மடையை அடைக்காமல் விட்டுவிட்டார். இரண்டு செவ்வாய் அப்படிப் போனது. கேட்கப் போன அப்பாவுக்கும் அவருக்கும் வரப்பில் சண்டை.

“ஸ்டேஷனுக்கு எழுதம்மிணி. நல்லாக் காரமா எழுது,” என்றார் அப்பா. “மம்பட்டியோட நின்னான்னு போடு.”

“ஓங்குனாருங்களா?”

“கையில இருந்துச்சில்ல?”

“வயலுக்குப் போறவரு கையில மம்பட்டி இல்லாம வேறென்னுங்க இருக்கும்?” என்றார் அம்மா உள்ளே இருந்து.

எழுதினேன். மலையாளத்தில் இரண்டு பக்கம், ஓர் அடித்தல் இல்லாமல். கடைசிக்கு முந்தைய வரியாக, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார் என்று சேர்த்தேன். அப்பா அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்து எழுதப் பழகிய முதல் பராதியில் அந்த வரி இருந்தது. கடிதத்துக்கு ‘இப்படிக்கு’ போல, போலீஸ் பராதிக்கு அது என்று எடுத்துக்கொண்டேன். சண்டை பற்றி நான் எழுதிய ஒவ்வொரு பராதியிலும் அதைப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை பராதியோடு பஸ் ஏறக் கிளம்பினேன். வழியில் மாமாவின் வீடு. சிறைக் காவலரிடம் போய் வாசித்த ஒருத்தியைப் பற்றி அறுபது பக்கம் எழுதியவள், சொந்தக்கார மாமாவிடம் வாசிக்கப் பயப்படுவதா? தத்துவம் என்று சொன்னால் பொய். ரோஷம்தான் என்னை அந்த வாசலில் கொண்டு நிறுத்தியது.

மாமா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க கலெக்டரம்மா,” என்றார். விஷயத்தைச் சொன்னதும் கையை உதறிவிட்டு உட்கார்ந்தார். “எம்மேலயா? படி, கேப்போம். என்ர பேரை ஒழுங்கா எழுதியிருக்கியான்னு பார்க்கோணும்.”

மலையாளத்தைத் தமிழாக்கிக்கொண்டே படித்தேன். மடையை அடைக்காதது என்ற இடத்தில் “நெசம்” என்றார். இரண்டு வாரம் என்றதற்கும் “நெசம்.” பிறகு அந்த வரி வந்தது. தாண்டிப் போயிருக்கலாம். அந்த வாசலில் மலையாளம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். படித்தேன்.

அத்தை சிரித்துவிட்டார். “இவரா? கோழி அறுக்கறதுன்னாலே என்னையக் கூப்பிட்டுப்போட்டு அக்கட்டால போயி நிக்கற மனுசன்!”

மாமா சிரிக்கவில்லை. “உங்கொப்பன் சொன்னானா, நீயா எழுதுனியா?”

“நானாத்தானுங்க மாமா.”

“ஏங்கண்ணு?”

“எல்லாப் பராதியிலும் எழுதறதுங்க.”

“அப்ப எல்லாத்து மேலயும் இதைத்தான் எழுதியிருக்கியா?”

யார் யார் மேல் எழுதினேன் என்று முகங்கள் வந்தன. அவர்களில் ஒருவரிடமும் நான் படித்துக் காட்டியதில்லை.

மாமாவே பேசினார். “என்ர போர்க் கெணறு வத்திப்போச்சு. என்ர நெல்லும் காயுது. உங்கொப்பன் வந்து கத்துனா நான் அடைக்க மாட்டேன். வாய்க்கா ஆபீஸர் வந்து பிரிச்சுக் குடுக்கட்டும், கட்டுப்படறேன். மடைய அடைக்காம வுட்டது நாந்தான்னு அங்கயே ஒத்துக்கறேன். இந்த வரியோட ஸ்டேஷனுக்குப் போனீன்னா, ஒண்ணுமே நடக்கலீன்னுதான் சொல்லுவேன்.”

வீட்டுக்குத் திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னேன். அந்த அம்மையாரின் பழக்கத்தையும் சொன்னேன். “எதிராளிகிட்டப் படிச்சுக் காட்டற பராதிய எந்த ஊர்ல அம்மிணி கண்ட? அப்படியே அவனையே கையெழுத்தும் போடச் சொல்லியிருக்கலாமில்ல?”

ஸ்டேஷனுக்கு எழுதியதைக் கிழித்தேன். பாசன அலுவலகத்துக்கு வேறொன்று எழுதினேன், நடந்ததை மட்டும். மாமா வாக்கு மாறவில்லை. அதிகாரி முன் ஒத்துக்கொண்டார். ஆனால் அதிகாரி வந்து பார்த்து முறையைப் பிரிப்பதற்குள் இன்னும் இரண்டு செவ்வாய் போய்விட்டது. மேட்டுப் பக்கத்து ஏக்கர் தப்பவில்லை. போலீஸ் வந்திருந்தால் மறுநாளே மடை அடைபட்டிருக்கும் என்றார் அப்பா. இருக்கலாம். இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அறுப்பன்று அப்பா ஒரு கதிரைக் கையில் கசக்கி ஊதினார். எல்லாம் பறந்தது.

“ஒரு ஏக்கரு உன்ர படிப்புக்குன்னு வெச்சுக்கறேன்,” என்றார். குத்தலா, ஆறுதலா, தெரியவில்லை. கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார். “ஏனம்மிணி, அந்தம்மா வரியெல்லாம் அடிச்சுப்போடுச்சுன்னியே. யாருக்கோசரம் எழுதுச்சோ, அந்தச் சனம் என்ன சொல்லுச்சு? செரீன்னுச்சா?”

நின்றுவிட்டேன். அந்தப் பக்கங்களின் ஓரத்தில் அமைச்சரின் பதில் இருந்தது, காவலரின் பதில் இருந்தது. போருக்குப் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு அவரை நம்பி வந்த தாய்மார்களின் சொல் எங்கேயும் இல்லை. நானும் தேடவில்லை, எனக்குத் தோன்றவே இல்லை.

“தெரியலீங்கப்பா.”

“தெரிஞ்சுக்கோ.”

அந்த நாட்டின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஊரிலிருந்து போன் செய்தால் அப்பா மழையைக் கேட்கிறார், சாப்பாட்டைக் கேட்கிறார், அப்புறம் இதைக் கேட்கிறார்: “அந்தச் சனம் என்ன சொல்லுச்சாமா?”