போயிட்டு வரேன் என்றவரின் படிவம்

வரி ஆபீஸ் வாசலில் மேஜை போட்டுப் படிவம் நிரப்பித் தருவது என் பிழைப்பு. நான் எழுதிய படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று மார்தட்டிக் கொண்டிருந்தேன். அந்தக் கொழுப்பை அடக்கியவர் ஒரு கணக்கு வாத்தியார்.

செவ்வாய்க்கிழமை வந்தார். ஐம்பதைத் தொட்ட வயது. வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. வரி பாக்கி இல்லை, இங்கிருந்து ஒரேயடியாகப் போகிறார் என்று ஆபீஸ் சான்றிதழ் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். பத்து வருடச் சம்பளச் சீட்டுகளை வருடவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். பிரிக்கவே மனசு வரவில்லை.

"எத்தனை வருஷம் சார் அங்க?" என்றேன்.

"போயிட்டு வரேன், பார்ப்போம்."

நம்மில் யார் 'போறேன்' என்று சொல்வார்கள்? இந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லை. 'திரும்பி வரும் உத்தேசம்' என்ற கட்டத்தில் 'உண்டு' என்று டிக் அடித்துவிட்டேன்.

வியாழன் மதியம் படிவத்தோடு திரும்பி வந்தார். திரும்பி வருகிறவருக்கு அந்தச் சான்றிதழ் கிடையாதாம். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

புதுப் படிவம் எடுத்தேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"சொந்த வீடு?"

"வாடகை ரூம். நேத்தே சாவியைக் குடுத்துட்டேன். ராத்திரி ஸ்டாஃப் ரூம் பெஞ்சுல படுத்தேன்."

"மனைவி, பிள்ளைங்க?"

"கல்யாணமே ஆகல."

"அம்மா, அப்பா?"

"அம்மா இருந்தாங்க. போன வருஷம் வரைக்கும்."

"கூடப் பிறந்தவங்க?"

"அக்கா. பேச்சுவார்த்தை இல்ல."

இல்லை, இல்லை என்று எழுதிக்கொண்டே வந்தேன். கடைசி வரியில், இதெல்லாம் உண்மை என்று அவரை நன்கு அறிந்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"யாருமே இல்லைன்னு சொல்றதுக்கும் ஒருத்தர் வேணுமாம், பாருங்க கூத்தை!" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சனியன் பிடித்த வாய் எனக்கு.

போனை எடுத்துத் தன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டார். "உங்க சொந்த விஷயம் எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. இன்னொருவர் எடுக்கவே இல்லை. அதற்குமேல் யாரைக் கூப்பிடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. இன்றைக்குக் கொடுத்தால்தான் நாளைக்குச் சான்றிதழ் கைக்கு வரும்; நாலு மணிக்குக் கவுண்டர் மூடிவிடுவார்கள். மணி மூன்றே முக்கால்.

"விடுங்க சார்," என்று சீட்டுகளை மறுபடி நூலால் கட்ட ஆரம்பித்தார்.

படிவம் எழுதுகிறவன் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் மேஜையைத் தூக்கிவிடுவார்கள். தூக்கட்டும் என்று போட்டுவிட்டேன். பக்கத்தில் 'எவ்வளவு காலமாகத் தெரியும்?' என்று ஒரு கட்டம். மூன்று நாள் என்றா எழுத முடியும்? 'இருபது வருடம்' என்று எழுதி நீட்டினேன்.

வாங்கிப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார்.

"இருபத்திரண்டுன்னு போடுங்க சார்," என்றார். "நான் இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."