நாலந்தாவில் ஒரு ஸ்பானிஷ் மழை

மலையகத்து நாலந்தாவில் ஏலம், மிளகு, கிராம்பு வளரும் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம். திடீர் மழைக்கு, தோட்டம் பார்க்க வந்த நானும், ஸ்பெயினிலிருந்து வந்திருக்கும் சில பயணிகளும் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கி நிற்கிறோம். அவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டும் ஸ்டெலாவுக்கு இன்றுதான் வேலையில் முதல் நாள். போனில் பாடம் கேட்டு ஸ்பானிஷ் படித்தவள்.

மழையைக் காட்டி அவர்களிடம் ஏதோ சொல்கிறாள். எல்லோரும் குழப்பத்தோடு வெளியே எட்டிப் பார்க்கிறார்கள். அவள் முகம் வாடிவிடுகிறது.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்கிறேன்.

"பூனையும் நாயுமா மழை பெய்யுதுன்னேன் அக்கா. இங்கிலீஷ்ல அப்படித்தானே சொல்லுவாங்க, அத அப்படியே மாத்திட்டேன். அவங்க நாயத் தேடுறாங்க."

கொஞ்சம் யோசிக்கிறாள். "நம்ம பாஷையில கொடங்கொடமா ஊத்துதுன்னு சொல்லுவோம். அதச் சொல்லிப் பாக்குறேன்."

குடத்துக்கு ஸ்பானிஷில் 'கான்தரோ' என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சொல்லைச் சொல்லி, இடுப்பிலிருந்து குடத்தைக் கவிழ்ப்பதுபோல் கையை அசைக்கிறாள். நரைத்த தலைமுடிக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டே தலையாட்டி, "கான்தரோஸ், கான்தரோஸ்" என்று திரும்பச் சொல்லி ஏதோ விளக்குகிறாள். மற்றவர்களும் சிரிக்கிறார்கள்.

ஸ்டெலா என் பக்கம் திரும்புகிறாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"அவங்க ஊர்லயும் கொடத்தாலதான் ஊத்துதாம் அக்கா."